கிலோ நானூறு ரூபாய் கத்தரிக்காய்!

கத்தரிக்காய் கிலோ என்ன விலை? தினமும் பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவராக இருந்தால் நீங்கள் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். 2020-ம் ஆண்டு என் வீட்டில் ஒரு கிலோ கத்தரிக்காய் நானூறு ரூபாய்! ஏதோ அபூர்வ ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண பச்சை வரிக் கத்தரிக்காய்தான். அதை விளைவித்தவன் நான் என்பதுதான் அதில் விசேஷம்!

அந்தக் கதையை இந்த வாரம் சொல்லப்போகிறேன். கூடவே, என்னைப் போலவே மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் தோட்டம் போட்ட லட்சக்கணக்கான மனிதர்களின் கதையையும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன.

2020 மே மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனா பரவியதால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. நடுவில் சில நாட்கள் சென்னையில் காய்கறிக்குத் திண்டாட்டம். எங்கள் தெருவுக்கு வந்த ஒரே தள்ளுவண்டியைச் சுற்றி, முகமூடி போட்ட பதினைந்து பேர் ஆறடி இடைவெளி விட்டு நின்றோம். எனக்குக் கிடைத்தது நாலு முருங்கைக்காயும், வதங்கிப்போன ஒரு காலிஃப்ளவரும்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக உறைத்தது. இத்தனை வயதில் ஒரு பச்சை மிளகாய்கூட நான் விளைவித்தது கிடையாது. ஒரு மார்க்கெட்டைப் பூட்டினால் என் வீட்டு சாம்பார் நின்றுபோகிறது!

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்களே... நானும் ஆடிக்காகக் காத்திருந்தேன். மொட்டை மாடியில் பதினைந்து செடிப் பைகள். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் எல்லாம் ஆட்டோவில் வந்து இறங்கின. "ஏங்க, வீடு கட்டப்போறீங்களா, செடி வைக்கப்போறீங்களா?" என்றாள் மனைவி.

முதலில் அரைக்கீரை விதையைத் தூவினேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், எறும்புகள் வரிசையாக விதைகளைச் சுமந்துகொண்டு போகின்றன. கல்யாண வீட்டுச் சாமான் இறக்குகிற மாதிரி அப்படி ஓர் ஒழுங்கு! கும்பகோணம் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிற அம்மாவுக்கு போன் போட்டேன். "டேய், கீரை வெதையை மணல்ல கலந்து தூவி, மேல லேசா மண்ணைப் போடணும்டா. சுத்திவர மஞ்சத்தூளைத் தூவு. எறும்பு வராது" என்றாள். இது தெரியாமல் மூன்று மணி நேரம் வீடியோ பார்த்திருக்கிறேன்!

அடுத்து கத்தரி நாற்று. பாசம் அதிகமாகி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரே வாரத்தில் நாற்றெல்லாம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. மறுபடி போன். "வயிறு ரொம்பின கொழந்தைக்கு மேல மேல பால் குடுத்தா என்ன ஆகும்? அதான்" என்றாள் அம்மா.

வெட்கமாக இருந்தது. அப்போதுதான், இந்த விஷயத்தில் எனக்கு சரித்திரத்தில் ஏகப்பட்ட கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்ற ஞாபகம் வந்தது.

வாருங்கள், 1939-ம் ஆண்டு லண்டனுக்குப் போவோம்.

செப்டம்பர் 3-ம் தேதி ஜெர்மனி மீது போர் அறிவித்தது பிரிட்டன். உலகத்தின் கால் பகுதியை ஆண்ட சாம்ராஜ்யம் அது. ஆனால், அதன் வயிறு கப்பல்களில்தான் இருந்தது! சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஆண்டுக்கு சுமார் இரண்டு கோடி டன். கோதுமை கனடாவிலிருந்து, வெண்ணெய் நியூசிலாந்திலிருந்து, இறைச்சி அர்ஜென்டினாவிலிருந்து... அந்தக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டால் போதும், ஒரு குண்டுகூடப் போடாமல் பிரிட்டனை மண்டியிட வைக்கலாம் என்பது ஹிட்லருக்கு நன்றாகவே தெரியும். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் வேட்டையைத் தொடங்கின.

ஒரே மாதத்தில், அக்டோபரில், விவசாய அமைச்சர் ரெஜினால்ட் டார்மன் ஸ்மித் ரேடியோவில் பேசினார். 'ஒவ்வொருவரும் தோட்டம் போடுங்கள். இன்னும் ஐந்து லட்சம் தோட்டத் துண்டுகள் வேண்டும்' என்பதுதான் சாரம். அந்த இயக்கத்துக்கு நிலைத்த பெயர் 'டிக் ஃபார் விக்டரி'. வெற்றிக்காக மண்ணைக் கொத்து!

'அலாட்மென்ட்' என்பார்கள். நகராட்சி சொற்ப வாடகைக்குக் கொடுக்கிற தோட்டத் துண்டு. வழக்கமான அளவு நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டை விடக் கொஞ்சம் கூடுதல். 1939-ல் எட்டு லட்சத்துச் சொச்சமாக இருந்த இந்தத் துண்டுகள், 1943 வாக்கில் சுமார் பதினான்கு லட்சமாகிவிட்டன. இடம்? கிடைத்த இடமெல்லாம்தான்! லண்டன் டவர் கோட்டையைச் சுற்றியுள்ள அகழியில் காய்கறிப் பாத்தி. ஹைட் பார்க்கில் பன்றிப் பண்ணை. ரயில் தண்டவாள ஓரம், டென்னிஸ் மைதானம், ஏன்... குண்டு விழுந்து பள்ளமான இடத்தில்கூட மண்ணைச் சமன்செய்து கீரை போட்டார்கள்.

போட்டவர்கள் யார்? குமாஸ்தாக்கள், டீச்சர்கள், தபால்காரர்கள், பாட்டிகள். பெரும்பாலோர் என்னை மாதிரிதான். விதையைத் தலைகீழாகப் போடக்கூடாதோ என்று சந்தேகப்படுகிற ஆசாமிகள். அவர்களுக்கு 'அம்மா'வாக ஒருவர் கிடைத்தார். பெயர் மிடில்டன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிபிசி ரேடியோவில் வருவார். எப்போது விதைப்பது, எவ்வளவு ஆழத்தில் நடுவது, பூச்சி வந்தால் என்ன செய்வது... பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலாகப் பேசுகிற மாதிரி பேசுவார். முப்பது லட்சம் பேருக்கு மேல் கேட்டார்கள்.

வெங்காயத்துக்கு வந்த கதையைக் கேளுங்கள். போருக்கு முன்னால் பிரிட்டனுக்கு வெங்காயம் பெரும்பாலும் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியிலிருந்தும் சேனல் தீவுகளிலிருந்தும்தான் வரும். 1940 கோடையில் இரண்டையும் ஜெர்மனி பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்... வெங்காயம் அவுட்! 1941-ல் லண்டனில் ஒரு பிரபல பத்திரிகை அலுவலகத்தில் ஒரே ஒரு பெரிய வெங்காயத்தைப் பரிசாக வைத்து ஊழியர்களிடம் குலுக்கல் சீட்டு நடத்தினார்கள். வசூல் நாலு பவுண்டுக்கு மேல்! வெங்காய விலை ஏறினால் ஆட்சியே ஆட்டம் காண்கிற நாட்டில் இருக்கிற நமக்கு இது நன்றாகவே புரியும்.

இன்னொரு வேடிக்கை கேரட். ஜான் கன்னிங்ஹாம் என்றொரு விமானி. கும்மிருட்டில் ஜெர்மன் விமானங்களைத் தேடித் தேடி வீழ்த்தினார். பத்திரிகைகள் அவருக்கு 'பூனைக்கண்' என்று பட்டம் சூட்டின. ரகசியம் என்ன? கேரட் நிறைய சாப்பிடுகிறார், அதனால் இருட்டில் கண் தெரிகிறது என்று செய்தி பரப்பினார்கள். நிஜ ரகசியம், விமானத்துக்குள் பொருத்தப்பட்டிருந்த ரேடார். இதை ஜெர்மானியர்கள் நம்பினார்களோ இல்லையோ, பிரிட்டிஷ் ஜனங்கள் நம்பிவிட்டார்கள். நாட்டில் மிதமிஞ்சிக் கிடந்த கேரட்டும் செலவாயிற்று! வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது உண்மை. அதற்காக, கூடை கூடையாகக் கேரட் தின்றால் ஆந்தை மாதிரிப் பார்க்கலாம் என்பது போர்க்காலக் கதை.

1943-ல் வீட்டுத் தோட்டங்களிலும் அலாட்மென்ட்களிலுமாகச் சேர்ந்து பத்து லட்சம் டன்னுக்கு மேல் காய்கறி விளைந்தது என்கிறது கணக்கு. கற்றுக்குட்டிகள் சாதித்துவிட்டார்கள்!

என் மாடியில்? வெண்டை மட்டும் என் மானத்தைக் காப்பாற்றியது. ஐந்தாம் நாள் முளைத்து, நாற்பத்தைந்தாம் நாள் முதல் காய். ஆனால், இரண்டாவது தடவை போட்ட கத்தரி நன்றாக வளர்ந்து பூவெடுத்த சமயம் பார்த்து, இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் இலை இலையாகத் துடைத்தேன். சரி என்று கீழே இறங்கினால், மறுநாள் தக்காளியை அணில் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. முழுசாகத் தின்றாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி!

இப்போது அட்லான்டிக்கைத் தாண்டுவோம். 1941 டிசம்பரில் அமெரிக்காவும் போரில் குதித்தது. அங்கேயும் 'விக்டரி கார்டன்' என்று மக்கள் கிளம்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்டு விவசாயத் துறைக்கு ஆரம்பத்தில் இதில் இஷ்டமில்லை. 'தெரியாதவர்கள் கையில் கொடுத்தால் விதையும் உரமும் வீண்' என்று பயந்தார்கள். (என் மாடியைப் பார்த்திருந்தால் அந்த அதிகாரிகள் 'பார்த்தீர்களா' என்று சொல்லியிருப்பார்கள்!) ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் விடவில்லை. 1943-ல் வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே காய்கறி போட வைத்தார். அந்த ஆண்டு நாடு முழுக்க சுமார் இரண்டு கோடித் தோட்டங்கள். அமெரிக்கர்கள் சாப்பிட்ட பச்சைக் காய்கறியில் நாற்பது சதவிகிதம் வரை இந்தத் தோட்டங்களிலிருந்துதான் வந்தது என்று மதிப்பிட்டார்கள்.

கைதட்டலாம்தான். ஆனால், கொஞ்சம் பொறுங்கள்.

மேற்குக் கரையில், கலிஃபோர்னியாவில், காய்கறிக்கு ஏன் கூடுதல் நெருக்கடி வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். அந்த மாநிலத்தின் காய்கறியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விளைவித்துக்கொண்டிருந்தவர்கள் ஜப்பானிய வம்சாவளி விவசாயிகள். யாரும் சீந்தாத நிலத்தைத் திருத்தி, ஸ்ட்ராபெர்ரியும் பீன்ஸும் போட்டுப் பொன் விளையவைத்தவர்கள். 1942 பிப்ரவரி 19-ம் தேதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அதன்பேரில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசல், விளைந்து நின்ற வயல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இவர்களில் மூன்றில் இரண்டு பேர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்!

தேர்ந்த தோட்டக்காரர்களைக் கம்பிவேலிக்குள் அடைத்துவிட்டு, மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவர்களிடம் 'தோட்டம் போடுங்கள்' என்று போஸ்டர் ஒட்டியது அரசாங்கம். அந்தக் கைதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மான்சனார் என்ற பாலைவன முகாமில் புழுதிக் காற்றுக்கு நடுவே, மரக் கொட்டகைகளுக்கு இடையில் கிடைத்த இடத்திலெல்லாம் பாத்தி கட்டித் தோட்டம் போட்டார்கள்! தோட்டக்காரனைச் சிறையில் போடலாம்... கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்கச் சொல்ல முடியாது. 1988-ல்தான் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. போன வயல் போனதுதான்.

இதே 1943-ல் நம் நாட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் நகர முடியாது. 'அதிக உணவு பயிரிடுங்கள்' என்ற பிரசாரம் இங்கேயும் நடந்தது. வங்காளத்தில்? ஜப்பான் பர்மாவைப் பிடித்ததால் பர்மா அரிசி நின்றுபோனது. புயல் பயிரை அழித்தது. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று கடலோரத்தில் படகுகளையும் அரிசியையும் பிரிட்டிஷ் அரசு அப்புறப்படுத்தியது. போர்ச் செலவில் விலைவாசி விண்ணைத் தொட்டது, பதுக்கல்காரர்கள் கொழுத்தார்கள். சுமார் முப்பது லட்சம் பேர் பசியிலும், பசியைத் தொடர்ந்த நோயிலும் இறந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. லண்டன்வாசி கேரட்டால் மட்டும் பிழைக்கவில்லை. அவனுக்கு 1940-லிருந்து ரேஷன் கார்டு இருந்தது. கோதுமை கொண்டுவரக் கப்பல் இருந்தது. அவன் பட்டினி கிடந்தால் பதில் சொல்ல அரசாங்கம் இருந்தது. வங்காளத்துக் கூலிக்காரனுக்கு இதில் ஒன்றும் இல்லை. நிலம் இல்லாதவனிடம் போய் 'தோட்டம் போடு' என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்?

வீட்டுத்தோட்டம் என்றதும் புல்லரித்துப்போய்ப் பேசுகிறவர்கள் (நானும்தான்) இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு நகரத்துக்கும் உங்களை அழைத்துப்போகவேண்டும். அன்றைய லெனின்கிராட். இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1941 செப்டம்பர் 8-ம் தேதி ஜெர்மன் படை அந்த நகரத்தைச் சுற்றி வளைத்தது. முற்றுகை 872 நாட்கள்! அந்த ஆண்டு நவம்பர் - டிசம்பரில், தொழிலாளி அல்லாத ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். அதிலும் பாதி மரத்தூள் மாதிரியான கலப்படம். லட்சக்கணக்கில் இறந்தார்கள்.

பனிக்காலம் முடிந்து 1942 வசந்தம் வந்ததும், மிஞ்சியவர்கள் மண்வெட்டியுடன் தெருவுக்கு வந்தார்கள். பூங்காக்கள், மைதானங்கள் எல்லாம் காய்கறிப் பாத்திகள் ஆயின. நகரத்தின் நடுவே பிரமாண்டமான செயின்ட் ஐசக் தேவாலயம். அதன் முன்னால் உள்ள சதுக்கத்தில் முட்டைகோஸ் வரிசை வரிசையாக விளைந்து நிற்கிற போட்டோ இன்றைக்கும் இருக்கிறது.

அதே சதுக்கத்தில்தான் ஒரு கட்டடம். உலகத்தின் மிகப் பெரிய விதைச் சேமிப்புகளில் ஒன்று அங்கே இருந்தது. அதை உருவாக்கியவர் நிக்கோலாய் வாவிலோவ். ஐந்து கண்டங்களில் சுற்றி அலைந்து லட்சக்கணக்கான விதை மாதிரிகளைச் சேகரித்த விஞ்ஞானி. எந்தப் பயிர் எந்த மண்ணில் பிறந்தது என்று வரைபடம் போட்டவர். 'கத்தரிக்காயின் சொந்த ஊர் இந்தியப் பகுதி' என்று வகைப்படுத்தியவரும் அவர்தான்.

முற்றுகையின்போது அந்தக் கட்டடத்துக்குள் நெல் இருந்தது, கோதுமை இருந்தது, வேர்க்கடலை இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது. காவலுக்கு இருந்த விஞ்ஞானிகளின் வயிற்றில் ஒன்றும் இல்லை. 'இது நாளைக்கு இந்த நாடு மறுபடி விதைப்பதற்கான விதை' என்று தொடாமல் இருந்தார்கள். எலியை விரட்டிக்கொண்டு, குளிரில் உருளைக்கிழங்கு உறைந்துவிடாமல் அடுப்பு மூட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். வேர்க்கடலை நிபுணர் அலெக்சாண்டர் ஷுகின் தன் மேஜையிலேயே செத்துக் கிடந்தார். நெல் நிபுணர் டிமிட்ரி இவானோவ் இறந்தபோது, அவர் காத்துவந்த நெல் விதைப் பொட்டலங்கள் ஆயிரக்கணக்கில் அப்படியே இருந்தன.

வாவிலோவ்? அவர் அங்கே இல்லை. ஸ்டாலினின் செல்லப்பிள்ளையாக இருந்த லைசென்கோவின் போலி விஞ்ஞானத்தை எதிர்த்ததால், 1940 ஆகஸ்டிலேயே கைதாகிவிட்டார். 1943 ஜனவரி 26-ம் தேதி, சரடோவ் சிறையில் இறந்துபோனார். காரணம் போதிய உணவில்லாமல் உடல் நலிந்தது. உலகத்தின் பசியைப் போக்க விதை தேடி அலைந்தவர், பசியால் இறந்தார்!

இதையெல்லாம் படித்துவிட்டு என் மாடிக்குப் போன அன்று, அணில் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சரி, போர் முடிந்த பிறகு என்ன ஆயிற்று? நம் கதைதான்! ஆபத்து போனதும் மண்வெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டார்கள். அகழியில் திரும்பப் புல் முளைத்தது. வெள்ளை மாளிகைத் தோட்டமும் போயிற்று. 2009-ல் மிஷேல் ஒபாமா மறுபடி காய்கறித் தோட்டம் போடும்வரை அங்கே எலினார் காலத்து அளவுக்கு யாரும் மெனக்கெடவில்லை.

நெருக்கடி வந்தால் தோட்டம், நெருக்கடி தீர்ந்தால் மறதி. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த பெட்ரோல், உரம், பூச்சிமருந்து எல்லாம் திடீரென்று சுருங்கின. டிராக்டர்கள் நின்றன, மாடுகள் வயலுக்குத் திரும்பின. ஹவானா நகரத்தின் காலி மனைகளில் தொட்டி கட்டி, மக்கிய உரம் போட்டுக் கீரையும் தக்காளியும் விளைவித்தார்கள். உலகமே பார்த்து வியந்தது. நியாயமான வியப்புதான். ஆனால், அதே கியூபா அதற்குப் பிறகும் தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொண்டுதான் இருந்தது. நகரத் தோட்டம் கீரை தரும், தக்காளி தரும். அரிசியும் கோதுமையும் எண்ணெயும் பருப்பும் விளைவிக்க வயல் வேண்டும். விவசாயி வேண்டும்.

இந்தப் பாடத்தை என் மாடியும் எனக்குப் பைசா சுத்தமாகச் சொல்லிக்கொடுத்தது. நவம்பரில் கணக்குப் பார்த்தேன். வெண்டைக்காய் நாலு கிலோ, கத்தரிக்காய் ஐந்து கிலோ, கீரை, மிளகாய், அணில் மிச்சம் வைத்த தக்காளி எல்லாம் சேர்த்து மூன்று கிலோ. ஆக மொத்தம் பன்னிரண்டு கிலோ. செலவு? பை, மண், உரம், விதை, வேப்பெண்ணெய், நிழல் வலை... 4,800 ரூபாய்! "ஏங்க, கிலோ நானூறு ரூபாய் கத்தரிக்காய்ல எண்ணெய்க் கத்தரிக்காய் வெக்கணுமா, இல்ல பேங்க் லாக்கர்ல வெக்கணுமா?" என்று கேட்டாள் மனைவி.

அந்த நானூறு ரூபாய்க் கணக்கு என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. நான் தண்ணீருக்குக் காசு போடவில்லை. என் உழைப்புக்குக் கூலி போடவில்லை. போடாமலே நானூறு! என்றால், கடன் வாங்கி, ஆள் வைத்து, மழையையும் பூச்சியையும் சமாளித்து, லாரி வாடகை கொடுத்து ஒரு விவசாயி அனுப்புகிற கத்தரிக்காய் முப்பது ரூபாய்க்கு எப்படி என் வாசலுக்கு வருகிறது? அதிக அளவில் விளைவிப்பதால் செலவு குறைகிறது என்பது பாதி பதில். மீதி பாதியை அந்த விவசாயிதான் தன் கையிலிருந்து போடுகிறார். அன்றிலிருந்து தள்ளுவண்டிக்காரரிடம் "இருபத்தஞ்சுக்குக் குடுப்பா" என்று பேரம் பேசுகிற பழக்கம் என்னைவிட்டுப் போய்விட்டது.

இன்னொரு பழக்கமும் மாறியது. காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாவற்றையும் ஓட்டை போட்ட பழைய பக்கெட்டில் காய்ந்த இலையோடு அடுக்கி மக்க வைக்கிறோம். வீட்டுக் குப்பை பாதியாகக் குறைந்துவிட்டது. 2020 வாக்கில் சென்னையில் தினமும் சேர்ந்த குப்பை சுமார் ஐயாயிரம் டன். அதில் என் பக்கெட் எம்மாத்திரம் என்று கேட்கலாம். எம்மாத்திரமும் இல்லைதான். ஆனால், அதில் என் பங்கு என்ன என்று இப்போது எனக்கு எடை போட்டுச் சொல்லத் தெரியும்.

நவம்பர் 25, 2020. நிவர் புயல் வருகிறது என்று டிவியில் அலறிக்கொண்டிருந்தார்கள். கொட்டுகிற மழையில் நானும் மனைவியும் மேல்வீட்டுப் பையனுமாகப் பைகளை ஒவ்வொன்றாக மாடிப்படிக்கு இறக்கினோம். பதினைந்தில் ஒன்பதைக் காப்பாற்றினோம். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால், இறக்க முடியாமல் விட்ட ஒரு கத்தரிச் செடி முறிந்து கிடக்கிறது. அதில் மஞ்சளாகப் பழுத்து ஒரே ஒரு காய்.

தூக்கிப் போடப்போனேன். போனில் அம்மா, "அட, போட்றாதடா! அதுதான் வெதைக்காய்" என்றாள். சொன்னபடி பிளந்து, தண்ணீரில் அலசி, மிதந்ததை விட்டுவிட்டு, அடியில் தங்கிய விதைகளைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, ஒரு பொட்டலம் கட்டினேன். உள்ளங்கையில் எடையே தெரியவில்லை. இதைக் காப்பாற்றவா ஒரு மனிதன் மேஜை மேலேயே செத்துக் கிடந்தான் என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் கை நடுங்கியது.

கோயம்பேடு மார்க்கெட் அதற்குள் திறந்தாகிவிட்டது. காய்கறி தாராளமாகக் கிடைத்தது. லண்டன்காரர் செய்த மாதிரி நானும் மண்வெட்டியைப் பரணில் போட்டிருக்கலாம். அந்தப் பொட்டலம் விடவில்லை. அடுத்த ஆடியில் அதை விதைத்தேன். பையும் மண்ணும் ஏற்கெனவே இருந்ததால், அந்த வருஷம் கத்தரிக்காய் கிலோ எழுபது ரூபாய்க்கு இறங்கிவிட்டது! அணில் மட்டும் இன்றுவரை திருந்தவில்லை.

உங்கள் வீட்டில் மாடி இல்லாமல் இருக்கலாம். ஜன்னல் ஓரம் ஒரு தொட்டி வைக்க இடம் இருக்கும். ஒரு மிளகாய் விதையைப் போட்டுப் பாருங்கள். அதனால் உலகம் திருந்திவிடாது. உங்கள் காய்கறிச் செலவுகூட குறையாது. ஆனால், அடுத்த தடவை தள்ளுவண்டி முன்னால் நிற்கும்போது, பேரம் பேச வாயெடுத்துவிட்டு, ஒரு நிமிஷம் சும்மா நிற்பீர்கள். எறும்புக்கு மட்டும் மஞ்சள்தூள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்!